கத்திரி வெயிலில் ஒரு டைனோசர்

அந்தக் கோடையில் எனக்குக் கிடைத்த வேலை, டைனோசர்களைப் பற்றி மைக் பிடித்துப் பேசுவது. சென்னீர்குப்பத்தில் பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு காலி நிலத்தைச் சுற்றித் தகரம் அடித்து, உள்ளே ஃபைபரில் செய்த டைனோசர்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். பள்ளி விடுமுறை முடியும்வரை கண்காட்சி நடக்கும். விலங்கியலில் முதுகலை முடித்துவிட்டு, தனியார் பள்ளி ஒன்றில் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். ஏப்ரலோடு அந்த வேலை நின்றுவிட்டது. நெமிலிச்சேரியில் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் அம்மா கல்யாணப் பேச்சை எடுப்பாள். அதற்குப் பயந்தே இந்த வேலைக்குப் போனேன்.

மேனேஜர் சேலத்துப் பக்கத்துக்காரர். ஊர் ஊராக இந்தப் பொம்மைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு திரிபவர். முதல் நாளே ஒரு தாளைக் கையில் கொடுத்தார். டைனோசர் வந்தது, கத்தியது, ஒன்றையொன்று கடித்தது, வானத்திலிருந்து கல் விழுந்தது, எல்லாம் செத்தது. அவ்வளவுதான்.

"இத நாளு பூரா திருப்பித் திருப்பிச் சொல்லணும்மா. நடுவுல இவரு வருவாரு, புள்ளைங்க பயப்படும், போட்டோ எடுக்கும், கெளம்பிரும்" என்றார்.

'இவர்' என்று அவர் கை காட்டியது, டைனோசர் உடைக்குள் நின்று நடிக்கிற ஆளை. பச்சையும் கறுப்புமாக ரப்பரும் ஸ்பாஞ்சும் சேர்த்துத் தைத்த உடை அது. தலை ஆளுக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் ஆடும். கழுத்துப் பகுதியில் ஒரு வலை. உள்ளே இருப்பவர் அதன் வழியாகத்தான் பார்க்க வேண்டும். முதுகில் மேலிருந்து கீழ்வரை ஒரு ஜிப். உள்ளே இருப்பவரால் அதைத் திறக்க முடியாது. வெளியிலிருந்து யாராவது திறந்துவிட வேண்டும்.

"பேசறதோட, இவருக்கு ஜிப் போட்டு விடறதும் தொறந்து விடறதும் உன் வேலைதான்" என்றார் மேனேஜர்.

அந்த ஆளுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளை பனியனும் அரைக்கால் சட்டையுமாக நாற்காலியில் உட்கார்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த ஊரும்மா?"

"நெமிலிச்சேரிண்ணா."

"நெமிலிச்சேரில எங்க? ஊருக்குள்ளயா, அந்தாண்டயா?"

ஊரா சேரியா என்று சுற்றி வளைத்துக் கேட்கும் இந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். நான் நேராகவே சொன்னேன்.

"அந்தாண்டதான்."

அவர் மேனேஜரைத் திரும்பிப் பார்த்து, "ஜெனரேட்டர் அண்ணாத்தே கீறாரே, அவரே எனக்குத் தொறந்து வுட்டுடுவாரு. இது வேணாம்" என்றார். பிறகு என்னிடம், "அண்ணன் கிண்ணன்னு கூப்ட வேணாம்" என்றார்.

மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. அல்லது புரியாதது போல நின்றார். என் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் ஓட்டி என்னைப் படிக்க வைத்தவர். அவருடைய அப்பா இந்தச் சுற்றுவட்டாரத்து வயல்களில் கூலிக்குப் போனவர். கல்லூரிக்குப் போன நாளிலிருந்து இப்படியொரு கேள்வியை யாரும் என் முகத்துக்கு நேரே கேட்டதில்லை. கேட்டவர் ரப்பர் தோலுக்குள் நுழைந்து வால் ஆட்டுகிறவர். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவர் யார் என்பதை ஜெனரேட்டர் ஓட்டுகிறவர்தான் பிறகு சொன்னார். கண்காட்சி நடந்த அந்த நிலமே ஒரு காலத்தில் இவர்கள் குடும்பத்துடையது. நெல்லும் கத்திரியும் போட்ட நிலம். பங்காளிகள் பிரித்து விற்றுவிட்டார்கள். வாங்கியவர் மனை போடக் காத்திருக்கிறார்; அதுவரை வாடகைக்கு விட்டிருக்கிறார். மூலையில் வேலிகாத்தான் புதருக்குள் வயலுக்குத் தண்ணீர் இறைத்த பழைய மோட்டார் ரூம் மட்டும் மிச்சம் இருந்தது. இதைக் கேட்டபோது எனக்கு அவர்மேல் இரக்கம் வந்ததா என்றால், வரவில்லை.

அடுத்தடுத்த நாட்களில் எங்களுக்குள் ஒரு சண்டை ஓடிக்கொண்டே இருந்தது. நான் பேச ஆரம்பிக்கும் நேரம் பார்த்துப் பின்னாலிருந்து உறுமுவார். பிள்ளைகள் அலறிக்கொண்டு கலைந்து ஓடும். நான் விடுவேனா? "பயப்படாதீங்க செல்லங்களா, இந்த வகை டைனோசருக்கு உடம்பு பெருசு, மூளை ரொம்பச் சின்னது" என்று மைக்கில் சொல்வேன். சிரிப்பலை எழும். அந்த வலைக்குள்ளிருந்து இரண்டு கண்கள் என்னை முறைப்பது தெரியும். ஒருநாள் வாலைச் சுழற்றி என் மைக் ஸ்டாண்டையே தட்டிவிட்டார். தவறுதலாகப் பட்டுவிட்டது என்று மேனேஜரிடம் சொன்னார். ஜெனரேட்டர்காரர் ஜிப்பைத் திறக்கும்போதெல்லாம், வியர்வை சொட்டச் சொட்ட வெளியே வந்து, என் பக்கம் பார்க்காமல் காறித் துப்பிவிட்டுப் போவார்.

இதற்கிடையில் ஒரு சிறுமி என்னிடம் ஒன்று கேட்டாள். அப்பாவின் தோளில் உட்கார்ந்துகொண்டு, நீள்கழுத்து டைனோசரை அண்ணாந்து பார்த்தபடி, "இவ்ளோ பெருசா இருக்கே, வெயில் அடிச்சா இது எந்த நெழல்ல நிக்கும்?" என்றாள். விலங்கியல் படித்திருந்தும் அது எனக்குத் தெரியவில்லை.

அன்று வீட்டுக்குப் போனதும் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நேரில் பார்த்தவர் யாரும் இல்லை. எலும்பையும் முட்டையையும் கால்தடத்தையும் வைத்துத்தான் ஊகிக்கிறார்கள். அத்தனை பெரிய உடம்பு சூடேறவும் நேரமாகும், ஆறவும் நேரமாகும். நீண்ட கழுத்தும் வாலும் உள்சூட்டை வெளியே விட்டிருக்கலாம். பறவைகளுக்கு இருப்பதுபோல நுரையீரலை ஒட்டிக் காற்றுப் பைகள் இருந்திருக்கின்றன. மூச்சு விட்டே உடம்பைக் குளிர்வித்திருக்கலாம். மாதக்கணக்கில் இருட்டும் பனியுமாகக் கிடக்கும் வடகோடியில்கூடச் சில வகைகள் முட்டையிட்டுக் குடும்பம் நடத்தியிருக்கின்றன. இறகு முளைத்த சின்னவை அதைப் போர்த்திக்கொண்டு குளிரைத் தாண்டியிருக்கும். எல்லாமே தப்பித்தன என்றும் இல்லை. வற்றிய குட்டையைச் சுற்றிக் கூட்டம் கூட்டமாக எலும்புகள் கிடைத்திருக்கின்றன. தண்ணீரைத் தேடி வந்து அங்கேயே விழுந்தவையாக இருக்கலாம். ஒன்று, முட்டைகளின்மேல் கை இரண்டையும் விரித்து உட்கார்ந்தபடியே மணலுக்குள் புதைந்திருந்தது. எழுந்து ஓடியிருக்கலாம், ஓடவில்லை.

இதையெல்லாம் மறுநாள் மைக்கில் சொன்னேன். நம் அரியலூர்ப் பக்கத்திலும் டைனோசர் எலும்பு கிடைத்திருக்கிறது என்றதும் பெரியவர்களே கிட்டே வந்து கேட்டார்கள். மேனேஜருக்குப் பிடிக்கவில்லை.

"ஏம்மா, இங்க என்ன பரீட்சையா நடக்குது? கத்துச்சு, கடிச்சுச்சுன்னு சொல்லி அனுப்பு. ஜனம் நகரணும்."

"புள்ளைங்க கேக்கறாங்க சார்."

"கேக்கும். நீ சொல்லாத."

நான் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

கத்திரி உச்சத்துக்குப் போன வாரம் அது. தார் ரோட்டில் செருப்பு ஒட்டியது. தகர வேலியில் கை பட்டால் சுட்டது. அன்று மதியம் கோடை முகாம் ஒன்றிலிருந்து இரண்டு பஸ் நிறையப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். பந்தலுக்குள் கூட்டம் கொள்ளாததால் டைனோசரை வெளியே வெட்டவெளிக்கு வரச் சொன்னார் மேனேஜர். ஒவ்வொரு பிள்ளையும் அதனுடன் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். ஜெனரேட்டர்காரர் டீசல் வாங்கப் பூந்தமல்லிக்குப் போயிருந்தார்.

வரிசை நீண்டுகொண்டே போனது. கொஞ்ச நேரத்தில் அந்த உடையின் வால் ஆடுவது நின்றுவிட்டது. பிறகு தலையும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிள்ளைகள் அதையும் நடிப்பு என்று நினைத்துச் சிரித்தார்கள். நான் மைக்கை வைத்துவிட்டுக் கிட்டே போனேன். தலைக்குள் காற்றுக்காக வைத்திருக்கும் சின்ன பேட்டரி ஃபேன் ஓடவில்லை. வலைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"தொற... யார்னா தொறங்க..."

மேனேஜரைப் பார்த்தேன். "சார், அவருக்கு முடியல."

"இன்னும் பத்துப் பதினஞ்சு புள்ளைங்கதாம்மா. முடிச்சிரட்டும். நடுவுல தொறந்தா குழந்தைங்களுக்கு ஏமாத்தமாயிரும். மிஸ்ஸுங்கெல்லாம் பாத்துட்டு இருக்காங்க."

"உள்ள மனுஷன் இருக்காரு சார்!"

"எனக்குத் தெரியாதா? நீ போயி மைக்கப் புடி."

நான் ஜிப்பைப் பிடித்து இழுத்தேன். வியர்வையில் ஊறித் துருவேறிய ஜிப், பாதியில் சிக்கிக்கொண்டது. ஒரு காலை அந்த வாலின்மேல் ஊன்றி இரண்டு கையாலும் இழுத்தேன். திறந்தது. அடுப்பைத் திறந்தாற்போல ஒரு அனல் என் முகத்தில் அடித்தது. அவர் அப்படியே பின்னால் சரிந்து என் கால்மேல் விழுந்தார். விழுந்தவர் புரண்டு வாந்தி எடுத்தார். பிள்ளைகள் வீல் என்று அலறினார்கள். முகாமிலிருந்து வந்த ஆசிரியைகளில் ஒருத்தி செல்போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இங்க வந்து தூக்குங்க!" என்று கத்தினேன். பஸ் டிரைவர் ஒருவர் ஓடி வந்தார். இருவருமாக அவரைப் பந்தலுக்குள் இழுத்துப் போட்டோம். என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் வாயருகில் கொண்டுபோனேன். கண் பாதி திறந்திருந்தது. பாட்டிலைப் பார்த்தார், அது யார் கையில் இருக்கிறது என்று பார்த்தார், வாயை இறுக்கி மூடித் தலையைத் திருப்பிக்கொண்டார்.

சாகக் கிடக்கிற நேரத்திலும் மனிதனுக்கு இது தோன்றுமா? தோன்றும். நான் என் கண்ணால் பார்த்தேன்.

"குடிக்க வேணாம்னா போங்க" என்று பாட்டில் தண்ணீர் முழுவதையும் அவர் தலையில் கவிழ்த்தேன். டிரைவர் தன்னுடைய பாட்டிலை நீட்டியபோது அதை வாங்கி மடமடவென்று குடித்தார்.

பிள்ளைகள் இன்னும் வெயிலில் நின்றிருந்தார்கள். சிலர் அழுதார்கள். நான் போய் மைக்கை எடுத்தேன்.

"எல்லாரும் பந்தலுக்குள்ள வாங்க. நெஜ டைனோசரா இருந்தா இந்த வெயில்ல இப்படி நிக்காது. மரத்தடிக்குப் போயிருக்கும். சேத்துல போயிப் படுத்திருக்கும். வாயத் தொறந்து மூச்சு வாங்கிட்டுச் சாயங்காலம்தான் எழுந்து நடந்திருக்கும். அதுக்கு யாரும் மேனேஜர் கிடையாது."

மேனேஜர் மைக் வயரைப் பிடுங்கிவிட்டார். "இன்னிக்கு சாயங்காலத்தோட உன் கணக்கு முடிஞ்சுது" என்றார். பஸ் ஏறிப் பிள்ளைகள் போனார்கள்.

கொஞ்சம் தெளிந்து உட்கார்ந்ததும் அந்த ஆள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"உன்ன யாரு தொறக்கச் சொன்னது?"

"நீங்கதான் கத்துனீங்க."

"நானா? உன்னையா?" என்றார். "பொய் சொல்லாத. அத்தினி பேர் எதிர்ல என்ன அசிங்கப்படுத்தணும், அதானே?"

வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும் என்று, காலிப் பாட்டிலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

அன்று மாலை நான்கு மணி இருக்கும். காற்று சுத்தமாக நின்றது. திருமழிசைப் பக்கம் வானம் கன்றிப்போய்க் கறுத்தது. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும் நேரம், புழுதியைச் சுருட்டிக்கொண்டு காற்று வந்தது. முதலில் பந்தல் துணி கிழிந்து பறந்தது. பிறகு தகர வேலி ஒவ்வொரு தகடாகப் பிய்ந்து மைதானத்துக்குள் பறந்து வந்தது. ஆளை வெட்டிப் போட்டுவிடும் வேகம். உள்ளே மூன்று நான்கு குடும்பங்கள் இருந்தன. மேனேஜர் தன் காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"எல்லாரும் இந்தாண்ட வாங்க! தகரம் பறக்குது, குனிஞ்சி வாங்க!"

கத்தியது அந்த ஆள். பனியனோடு மூலையை நோக்கி ஓடினார். வேலிகாத்தானைக் காலால் மிதித்து விலக்கி, மோட்டார் ரூம் கதவில் தொங்கிய துருப்பிடித்த பூட்டை ஒரு கல்லால் அடித்து உடைத்தார். குடும்பங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போயின. நான் ஒரு பாட்டியம்மாளைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உள்ளே விட்டுவிட்டு வாசலிலேயே நின்றேன். மழை சரளைக்கல்லாக முதுகில் அடித்தது. அவர் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"இன்னா நின்னுகினு கீற? உனக்குத் தனியா வெத்தல பாக்கு வெக்கணுமா? கதவ மூடணும், உள்ள வா."

போனேன். அப்போதுதான் வெளியே மடார் என்று ஒரு சத்தம். நீள்கழுத்து டைனோசர் கயிறு அறுந்து சாய்ந்திருந்தது. நான் தினமும் நின்று பேசும் மேடை அதன் அடியில் நொறுங்கிக் கிடந்தது.

உள்ளே இருட்டு. எலிப்புழுக்கை வாடை. ஒரு குழந்தை விடாமல் அழுதது. அதன் அம்மா என்னிடம், "நீங்கதான மைக்ல பேசுனவங்க? எதுனா சொல்லுங்களேன், அழுகைய நிறுத்தும்" என்றாள். முட்டையின்மேல் கையை விரித்து உட்கார்ந்திருந்ததே, அந்தத் தாயைப் பற்றிச் சொன்னேன். தாயா தகப்பனா என்றுகூட உறுதியாகத் தெரியாது என்றும் சொன்னேன். அது செத்துப்போனதை மட்டும் அந்தக் குழந்தையிடம் சொல்லவில்லை. எல்லோரும் கேட்டார்கள். அவரும் கதவில் சாய்ந்துகொண்டு கேட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

அப்போது அவர் செல்போன் விட்டு விட்டு ஒலித்தது. எடுத்துப் பார்த்தார். திரை வெளிச்சத்தில் அவர் முகம் மாறியது. மதியம் எடுத்த வீடியோ அது. 'டைனோசருக்கே வாந்தி' என்று எழுதி யாரோ பரப்பிவிட்டிருந்தார்கள். அவர் சம்பந்தி வீட்டிலிருந்து வந்திருந்தது.

"பாத்தியா? என் பொண்ணு கட்டிக்குடுத்த ஊடு வரைக்கும் போயிட்ச்சு" என்று திரையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "உள்ள யாரு கீறான்னு ஒருத்தனுக்கும் தெரியாம வேல பாத்துகினு இருந்தேன். இப்ப ஊருக்கே தெரியும். உன்னாலதான்."

"நான் தொறக்காம இருந்திருந்தா இந்நேரம் வேற வீடியோ வந்திருக்கும். மாலை போட்டு."

"செத்துட்டுப் போறேன், உனக்கு இன்னா? இந்த ரூமு எங்க தாத்தா கட்னது தெரியுமா? அவரு இருந்த வரைக்கும் உங்காளுங்க யாரும் இதுக்குள்ள கால் வெச்சதில்ல."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியாது.

"கட்டினது உங்க தாத்தாவா? அவரு கல் தூக்கினாரா? கலவை போட்டாரா? எங்க ஆளுங்க உள்ள கால் வெக்காமதான் இந்தச் சுவரு எழும்புச்சா?"

அவர் சுவரை ஒருமுறை பார்த்தார். பிறகு கதவைத் திறந்துகொண்டு மழையிலேயே வெளியே போய்விட்டார். யாரும் அவரைத் தடுக்கவில்லை, நான் உட்பட. அந்தப் பாட்டியம்மாள் மட்டும் என் முழங்கையைப் பிடித்து, "வுடு கண்ணு, உக்காரு" என்றாள்.

காற்று ஓய்ந்ததும் வெளியே வந்தோம். யாருக்கும் அடி இல்லை. டைனோசர்களில் பாதி சேற்றில் கவிழ்ந்து கிடந்தன. உள்ளே இருந்த கம்பியும் சணலும் தெரிந்தன. மேனேஜர் சேதத்தைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முழங்கால் தண்ணீரில் நடந்து ஆவடி பஸ்ஸைப் பிடித்தேன். இரண்டு நாளில் கண்காட்சியை மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டதாக ஜெனரேட்டர்காரர் போனில் சொன்னார். அந்த ஆளையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

ஜூனில் பட்டாபிராமில் ஒரு பள்ளியில் சேர்ந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். போன ஐப்பசியில் பருத்திப்பட்டு அருகே எங்கள் பஸ் நெரிசலில் நின்றபோது, பக்கத்தில் ஒரு தண்ணீர் லாரி வந்து நின்றது. ஸ்டீரிங்கில் அவர். காக்கிச் சட்டை, காதோரம் நரை. கை நீட்டினால் தொடும் தூரம். என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. நானும் பார்வையை எடுக்கவில்லை. எப்படி இருக்கிறாய் என்று அவர் கேட்டால் நலம் என்று சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. முன்னால் இருந்த கார் நகர்ந்தது. ஹாரனை அடித்துக்கொண்டே லாரியை ஓட்டிப் போனார். பின்னால் குழாயிலிருந்து தண்ணீர் ரோடு முழுவதும் ஒழுகிக்கொண்டு போனது.